பாவம் ஆருக்கு?

கற்பனையில் ஓர் உலகத்தைப் படைக்கிறவர், அந்த உலகத்தில் யாரைக் கேள்வி கேட்காமல் கொல்லலாம் என்பதையும் சேர்த்தே படைக்கிறார். காவியம் பாடியவர்கள், கூத்துப் பழக்கியவர்கள், பொம்மை ஆட்டியவர்கள் எல்லோரும் இதைச் செய்திருக்கிறார்கள். இன்று மேசையைச் சுற்றியிருந்து விளையாடும் ஒரு விளையாட்டிலும் இதுவே நடக்கிறது. அந்த விளையாட்டைச் சில வருடங்களாகப் பலெர்மோவில் நடத்தி வருகிறவன் என்ற முறையில், இந்த அதிகாரத்தைப் பற்றி எனக்குச் சில எண்ணங்கள் உண்டு.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டது. கட்டங்கள் வரைந்த பலகை இதற்குக் கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார்: ஊர், காடு, குகை, அங்கே வரும் ஆட்கள், மிருகங்கள் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். ஒரு கதை மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் நீளும். சட்டப் புத்தகம் தடிமனானது. ஆனாலும் ஒவ்வொரு மேசையும் தனக்கேற்றபடி அதை மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றங்களை வீட்டுச் சட்டம் என்கிறோம். கதை நடத்துகிற என்னை எங்கள் மேசையில் பகிடியாக ‘அண்ணாவியார்’ என்பார்கள்.

எங்கள் மேசை பல்லாரோச் சந்தைக்குக் கிட்ட உள்ள ஒரு வீட்டின் சமையலறையில் இருக்கிறது. எண்பதுகளிலிருந்து இங்கு வந்து சேர்ந்த எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் வீட்டு வேலை செய்தவர்கள். ஞாயிறுதான் ஓய்வு. அந்த ஞாயிறு மாலைகளில் இங்கே பிறந்த மூன்று தமிழ்ப் பிள்ளைகளும் ஒரு சிசிலிப் பெடியனும் வருவார்கள். தமிழ், இத்தாலியன், சிசிலியன் மூன்றும் கலந்து ஓடும். நான் அமைத்த உலகம் ஒரு தீவு. குளமும் பனையும் வன்னியைப் போல. நடுவில் நிற்கும் மலை, சாந்தா ரொசாலியாவின் குகை இருக்கிற பெல்லெக்ரீனோ மலையைப் போல. சைவரும் வேதக்காரருமாக எங்கள் சனம் நேர்த்தி வைத்து ஏறுகிற அந்த மலையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தத் தீவில் ஒருநாள், ஓர்க்குகளின் பாளையம் ஒன்றைப் பிள்ளைகள் இரவோடிரவாக அழித்தார்கள். முடிந்ததும் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “மாமா, ஓர்க்கைக் கெட்டவனாப் படைச்சது நீங்கள். வெட்டினது நாங்கள். அப்ப பாவம் ஆருக்கு?”

இது விளையாட்டு, பாவம் ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்லி முடிக்கலாம். அப்படிச் சொன்னவன் மேசையிலேயே இருந்தான். அவளுடைய தம்பி. “வீட்டில எந்த நாளும் சண்டைக் கதைதான். ஆர் சரி, ஆர் பிழை எண்டு அம்மாவும் சித்தப்பாவும் இண்டைக்கும் சண்டை. இஞ்சையாவது யோசிக்காமல் ஒருத்தனை வெட்ட விடுங்கோ, மாமா.” அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பகடை உருட்டிக் கொல்வது கொலை அல்ல. யோசனையிலிருந்து விடுதலை தேடுவது மனிதருக்குத் தேவையானது. விளையாட்டு என்பதே அதற்காகத்தான் என்று வாதிடலாம். இந்த வாதத்தைத் தட்டிவிட்டு அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஓர்க் எப்படிப் பிறவிக் கெட்டவன் ஆனான் என்று பார்ப்போம். 1977இல் இந்த விளையாட்டுக்கு வந்த அரக்கர் கையேட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் நேரே அதன் ஒழுக்கம் எழுதப்பட்டிருந்தது. உயரம், ஆயுதம் போல அதுவும் ஒரு விபரம். ஓர்க் என்றால் தீயவன். ஓர்க்குகளை இன்றைய வடிவில் கதைக்குள் கொண்டுவந்த டோல்கீனுக்கே இது உறுத்தியது. அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். மீட்கவே முடியாத ஓர் இனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பிற்காலக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப மல்லுக்கட்டியிருக்கிறார். விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2020இல் ஓர்க்குகளையும் மற்ற மக்களைப் போலப் பலவிதமானவர்களாகக் காட்டப்போவதாக அறிவித்தது. 2024இன் புதிய சட்டப் புத்தகத்தில் ‘இனம்’ என்று இருந்த சொல்லையே மாற்றிவிட்டார்கள். சொல் மாறினாலும் மேசையில் கேள்வி மாறவில்லை. எதிரி யார் என்று யாராவது சொல்லத்தானே வேண்டும்.

பலெர்மோவில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. விளையாட்டில் ‘பலடின்’ என்றொரு வீரன் உண்டு. அறத்துக்குச் சத்தியம் செய்தவன். 1975இல் விளையாட்டில் சேர்க்கப்பட்டான். பலடின் என்ற அந்தச் சொல்லுக்குரியவர்கள் இங்கே கம்பியில் தொங்குகிறார்கள். சிசிலியின் பொம்மலாட்டமான ஒபெரா தெய் பூப்பியின் நாயகர்கள், பேரரசன் சார்லமேனின் பலடின்களான ஒர்லாந்தோவும் ரினால்தோவும். 2001இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. முன்பு இரவுக்கு ஓர் அத்தியாயமாக மாதக்கணக்கில் ஒரே கதை ஓடும். உழைத்துக் களைத்தவர்கள் ஒவ்வொரு நாளும் வந்து விட்ட இடத்திலிருந்து கேட்பார்கள். எங்கள் ஞாயிற்றுக் கதைக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் வேறில்லை.

அந்தக் கதையின் எதிரிகள் சரசேனியர், அதாவது முஸ்லிம்கள். கதையின் வேர் 778இல் பிரனீஸ் மலையில் ரொன்செவோவில் நடந்த ஒரு பதுங்கித் தாக்குதல். ஒர்லாந்தோ என்று இங்கே அறியப்படும் ரோலாண்ட் அதில் இறந்தான். சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட், தாக்கியவர்கள் பாஸ்க்கு மக்கள் என்று எழுதுகிறார். மூன்று நூற்றாண்டு கழித்து, சிலுவைப்போர்க் காலத்தில், காவியம் பாடியவர்கள் பாஸ்க்குகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சரசேனியரை வைத்தார்கள். இதுவும் ஒரு வீட்டுச் சட்டம்தான். கேட்பவர்களுக்கு அப்போது எந்த எதிரி தேவையோ அந்த எதிரி கதைக்குள் வந்தான். இதைப் பொம்மையாக ஆட்டிய பலெர்மோவோ, 831 முதல் 1072 வரை முஸ்லிம்கள் ஆண்ட நகரம். பிறகு வந்த நோர்மன் அரசர்கள் தங்கள் அரண்மனைத் தேவாலயத்தின் கூரையை முஸ்லிம் கைவினைஞர்களைக் கொண்டே செய்வித்தார்கள். தன் சொந்த முன்னோரின் ஒரு பகுதியையே எதிரியாக்கி, இரவிரவாக வெட்டிச் சாய்த்து, இந்த நகரம் கைதட்டியிருக்கிறது.

ஆனால் மாதக்கணக்கில் ஓடும் கதைக்கு வெறும் எதிரி போதாது. அதனால் சரசேனியருக்குள்ளும் வீரமும் மானமும் உள்ளவர்கள் வந்தார்கள். ருஜ்ஜேரோ சரசேனியர் பக்கம் நின்று போரிட்டவன்; சனம் விரும்பிய நாயகன். சனம் உண்மையில் வெறுத்தது கானோவை. மகான்சா குலத்தவன், கிறிஸ்தவன், பேரரசனின் சபையில் இருப்பவன், தன் ஆட்களையே காட்டிக்கொடுத்தவன். பார்வையாளர்கள் கானோப் பொம்மை மீது கையில் கிடைத்ததை எறிந்த கதைகளை இன்றும் சொல்வார்கள்.

எனக்கு இது முதலில் நல்ல பதிலாகவே தெரிந்தது. பிறவி எதிரியை நீக்கிவிட்டுத் துரோகியை வைத்தால், அங்கே பிறப்பு இல்லை, செயல் இருக்கிறது. செயலுக்குத் தண்டனை என்றால் அறம் தப்பவில்லை. அடுத்து எழுந்த கேள்விதான் கஷ்டமானது: துரோகம் செய்தான் என்று யார் சொன்னது?

எங்கள் சனத்துக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. பிறவி எதிரி என்றால் என்ன என்பது எங்களுக்கு மேல் நடந்தது. 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்கள், உள்ளே இருப்பவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை. ஆனால் துரோகி என்ற சொல்லை நாங்கள்தான் எங்களுக்குள் ஆண்டோம். எண்பதுகளில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் உடலில் அட்டை தொங்கியது. அட்டையில் இருந்தது குற்றம், சாட்சி இருக்கவில்லை. வாசித்துவிட்டுக் கடந்துபோனோம். அந்தச் சொல் அங்கேயும் நிற்கவில்லை. 1990 ஒக்ரோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஒருசிலர் மேல் சொல்லப்பட்ட துரோகம் ஒரு சமூகத்தின் பிறப்பாகிவிட்டது. கானோவின் கதையிலும் இதேதான் நடந்தது. ஒருவனுடைய காட்டிக்கொடுப்பு மகான்சாக் குலம் முழுவதன் இரத்தமாகிவிட்டது. துரோகி என்ற சொல், விசாரிக்காமல் விட்டால், சுற்றி வந்து பிறவி எதிரியிடமே சேர்கிறது.

ஆகவே தம்பியின் நியாயத்துக்கு என் பதில் இதுதான். யோசிக்காமல் வெட்டுகிற ஆசை பிழை அல்ல. ஆனால் அந்த ஆசைக்கு வசதியாக ஒருவனை முன்கூட்டியே தயாரித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். விளையாட்டில் அந்த ஆள் நான். வெளியே அந்த வேலையைச் செய்ய எப்போதும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் தயாரித்துக் கொடுத்ததை நாங்கள் கேள்வி கேட்காமல் வாங்கிப் பழகியிருந்தோம். விளையாட்டில் கேள்வி கேட்பதற்கு விலை இல்லை. விலை இல்லாத இடத்திலும் கேட்டுப் பழகாதவர், விலை உள்ள இடத்தில் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியுமா?

இதற்கு வழி எங்கள் கூத்திலேயே கிடந்தது. பலடின்களின் கதை போர்த்துக்கேயரோடு கடல் கடந்து கேரளக் கரைக்கும் வந்தது. அங்குள்ள கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகத்தில் ‘காறல்மான் சரிதம்’ பேர்பெற்றது. காறல்மான் என்பது சார்லமேன். அதை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்று சொல்லப்படுகிறது. அதன் பாட்டுகளில் தமிழ் நிறைந்திருக்கும். என் பட்டப்பெயரோடு எனக்கு முன்பே ஒருவர் இந்தக் கதையை நடத்தியிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. எங்கள் கூத்தில் களரிக்கு வருகிற முக்கிய பாத்திரங்களுக்கு வரவு உண்டு. அரசனானாலும் அரக்கனானாலும் தான் யார், ஏன் வந்தேன் என்று பாடி ஆடிவிட்டுத்தான் கதைக்குள் இறங்க முடியும். கர்ண மோட்சத்தில் எதிர்ப்பக்கத்துக் கர்ணனுக்காக, அவன் மனைவி பொன்னுருவிக்காக, விடியப்புறத்தில் சனம் அழுகிறது. அவன் தோற்கவேண்டியவன் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அவன் யார் என்று தெரிந்துதான் அவன் சாகிறான்.

அதிலிருந்து மூன்று வீட்டுச் சட்டங்கள் எழுதினோம். முதலாவது, வரவு: எவரோடும் வாள் எடுப்பதற்கு முன் அவர் தன்னைப் பற்றிச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். பொய்யும் சொல்லலாம், அது அவர் பாடு. இரண்டாவது, குற்றம் சொல்கிறவர் கண்டதைச் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டேன் என்றால் கேள்விப்பட்ட இடத்துக்குப் போய்வர வேண்டும். கதை நடத்துகிற நான் சொன்னாலும் இதே சட்டம். மூன்றாவது பலெர்மோப் பொம்மைகளிடமிருந்து வந்தது. சிசிலியின் கிழக்கே கத்தானியாவில் செய்யும் பெரிய பொம்மைகளுக்கு முழங்கால் மடியாது, வாள் எப்போதும் கையிலேயே இருக்கும். பலெர்மோப் பொம்மை சிறியது. முழங்காலை மடிக்கும், வாளை உருவும், திரும்ப உறையில் போடும். எங்கள் மேசையில் எந்தச் சண்டையிலும் எவரும் மண்டியிடலாம், எவரும் வாளை உறையில் போடலாம். அதற்குப் பகடை உருட்டத் தேவையில்லை.

பாவம் ஆருக்கு என்ற கேள்விக்கு என் பதிலை இப்போது சொல்லலாம். படைத்தவருக்கு முதல் பங்கு. அவர் எதிரியின் வாயை அடைத்துவிட்டு அவனை மேடைக்கு அனுப்பியவர். வெட்டியவருக்கு இரண்டாவது பங்கு. அவர் வாயடைத்திருப்பதைப் பார்த்தும் ஏன் என்று கேட்காதவர். இரண்டும் கூட்டி ஒன்றாகாது. படைத்தவர் சொன்னார் என்பதால் வெட்டியவரின் பங்கு குறையாது. வெட்டியது நான் அல்ல என்பதால் படைத்தவரின் பங்கும் குறையாது.

வீட்டுச் சட்டங்கள் பிள்ளைகளை நல்லவர்களாக்கிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். போன மாதம் ஒரு ஓர்க்குத் தலைவன் முழு வரவும் சொன்னான். எரிந்த ஊர், செத்த பிள்ளை, பழிவாங்க வந்தது, தான் எரித்த மற்ற ஊர் எல்லாம் சொன்னான். மண்டியிட மறுத்தான். பிள்ளைகள் அரைமணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் அவனோடு சண்டை பிடித்தார்கள், கொன்றார்கள். யோசிக்காமல் வெட்ட ஆசைப்பட்ட தம்பிதான் கடைசி வெட்டு. பிறகு அவன், அந்த ஓர்க்கின் பெயரைத் தன் பாத்திரத்தின் தாளில், வாள், கேடயம், பொற்காசு என்று உடைமைகளை எழுதும் பட்டியலின் கீழே எழுதி வைத்துக்கொண்டான். எழுதச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.