இன்மையும் பொய்ம்மையும்

தமிழில் 'உண்மை' என்னும் சொல் உளதாந்தன்மையையும் மெய்ம்மையையும் ஒருங்கே குறிக்கும். அதனால் இன்மையைப் பொய்ம்மை எனக் கொள்ளும் மயக்கம் எளிதில் நேர்ந்துவிடுகிறது. இம்மயக்கத்தைத் தெளிவாகக் காட்டும் இடம் ஒன்று கணிப்பொறித் துறையில் உள்ளது.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர், 'இது மெய்யானால் இதைச் செய். அன்றேல் அதைச் செய்' என அடிக்கடி கட்டளையிடுவர். 'இது' என்னுமிடத்தில் ஓர் எண்ணோ பட்டியலோ வந்து நின்றால், அதனை மெய் என்பதா, பொய் என்பதா? மொழிக்கு மொழி விடை வேறுபடுகிறது. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் சுழியம் பொய்யாகும். ரூபியில் அதுவே மெய்யாகும். ஒன்றும் இடம்பெறாத வெறும் பட்டியலைப் பைத்தான் பொய் என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மெய் என்கிறது.

இவற்றுள் எது சரி என வழக்காடுவோர் உளர். நயங்களைக் கற்ற நமக்கு இவ்வேறுபாடு வியப்பளிப்பதன்று. வெறும் பாத்திரத்தைக் காட்டி 'உண்டா?' என வினவினால், பாத்திரத்தைக் கருதியவர் 'உண்டு' என்பார்; உள்ளிருக்கவேண்டிய சோற்றைக் கருதியவர் 'இல்லை' என்பார். விடைகள் முரண்படவில்லை, வினாக்களே வேறு. எந்நோக்கில் உரைக்கிறோம் என்பதை மறவாதிருத்தற்கே நம் ஆசாரியர்கள் 'சியாத்' என்னும் சொல்லை முன்வைத்தனர்.

எனினும், எதையும் எவ்வாறும் கூறலாம் என்பது அநேகாந்தம் ஆகாது. நோக்கை மறந்தவிடத்துப் பிழை நேர்கிறது. பைத்தான் மொழியில், உலகப் பொது நேரக் கணக்கின்படி நள்ளிரவைக் குறிக்கும் நேரம் ஒரு காலத்தில் பொய்யாகக் கொள்ளப்பட்டது. 'நேரம் குறிக்கப்பட்டுள்ளதா?' என அறிய விரும்பியவருக்கு, நள்ளிரவு குறிக்கப்பட்டிருந்தும் 'இல்லை' என்னும் விடையே கிட்டியது. 2015-இல் வெளிவந்த 3.5 பதிப்பில் இவ்விதி நீக்கப்பட்டது.

நேரத்துக்கு நேர்ந்தது மனிதர்க்கும் நேரலாம். வருமானமற்ற விதவை ஒருவர் உதவி வேண்டி, விண்ணப்பத்தில் வருமானம் '0' என எழுதுகிறார் எனக் கொள்வோம். நிரல் எழுதியவர் அவ்விடம் நிரப்பப்பட்டதா எனச் சோதிக்கக் கருதி, 'வருமானம் மெய்யா?' என்று மட்டும் எழுதியிருந்தால், விண்ணப்பம் நிறைவுறாதது எனத் தள்ளப்படும். மெய்யுரைத்தவர் ஒன்றும் உரையாதவராக்கப்படுகிறார். தீய எண்ணம் எவர்க்கும் இல்லை. ஆயினும் ஓர் உயிர்க்குத் துன்பம் விளைகிறது. கவனமின்மையாகிய பிரமாதத்தை இம்சையின் வேராக நம் ஆகமங்கள் கண்டது இதனாலன்றோ?

விடை வராமையை 'அவக்தவ்யம்' என்றலும் பொருந்தாது. உண்மையையும் இன்மையையும் ஒரே வேளையில் உரைக்கவொண்ணாமையே அவக்தவ்யம். இங்கோ கேட்ட வினாவுக்கு விடை இன்னும் பெறப்படவில்லை, அவ்வளவே.

நம் இல்லங்களிலும் இவ்வேறுபாடு போற்றத்தக்கது. மணப்பேச்சில் மகள் மௌனம் காத்தால் அதனைச் சம்மதம் என்கிறோம். தந்தையார்க்கு மகன் மறுமொழி எழுதாவிடின் அன்பில்லாதவன் என்கிறோம். இரண்டிலும் நாம் பெறாத விடையைப் பெற்றதாகத் தீர்ப்பளிக்கிறோம்.

நிரல் எழுதும் நம் இளைஞர்கள், 'சுழியமா?' என்பதையும் 'விடையே வரவில்லையா?' என்பதையும் தனித்தனியே வினவி எழுதுவார்களாக. நாமும் ஒருவரை 'இல்லை' என ஒதுக்குமுன், அவரிடம் எதை வினவினோம் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. சத்திய அணுவிரதம் நாவோடு நின்றுவிடுவதன்று. பிறர் கூறிய மெய்யைச் செவ்வனே ஏற்றுக்கொள்ளுதலும் அதன்பாற்பட்டதே.