ஒரே நாளில் இறந்த இரு தளபதிகளும் ஒரு கொலையாளியின் எலும்புகளும்

1800 ஜூன் 14. வட இத்தாலியில் அலெஸ்ஸாந்திரியா நகருக்கு அருகே மரெங்கோ சமவெளியில், நெப்போலியன் போனபார்ட்டின் படை ஆஸ்திரியர்களிடம் ஏறத்தாழத் தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. மாலையில் தன் பிரிவோடு வந்து சேர்ந்த தளபதி லூயி தெசே போரின் போக்கைத் திருப்பினார். எதிர்த்தாக்குதல் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மார்பில் குண்டு பாய்ந்து விழுந்தார். அதே நாள் பிற்பகல், கெய்ரோவின் அஸ்பகியா பகுதியில், எகிப்திலிருந்த பிரெஞ்சுப் படையின் தலைவர் ழான் பாப்டிஸ்ட் க்ளேபர், ப்ரோத்தேன் என்ற கட்டடக் கலைஞருடன் தலைமையகத் தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தார். மனு கொடுக்க வந்தவர் போல ஓர் இளைஞர் நெருங்கிக் கத்தியால் குத்தினார். தடுக்கப் பாய்ந்த ப்ரோத்தேனுக்கும் காயம். க்ளேபர் உயிர் பிழைக்கவில்லை.

இருவரும் நைல் நதிக்கரையில் ஒரே படையெடுப்பில் பணியாற்றியவர்கள். அந்த ஆண்டு ஜனவரியில் எகிப்தைவிட்டு வெளியேற உதுமானியர்களுடன் அல்-அரீஷில் உடன்பாடு பேசி முடிக்க க்ளேபர் அனுப்பிய தூதர்களில் தெசே ஒருவர். ஒரே நாளில், ஒருவர் சாவை மற்றவர் அறியாமல், இருவரும் போனார்கள். வரலாற்று நூல்கள் இந்தத் தற்செயலைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடுகின்றன. வியக்க அதில் அதிகம் இல்லை. சாவுக்குப் பிறகு அந்த உடல்கள் ஆட்சியாளர் கையில் என்ன பாடுபட்டன என்பதில்தான் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. அதற்கு மூன்றாவது உடல் ஒன்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும்: குத்தியவரின் உடல்.

தெசேயை முதலில் பார்க்கலாம். குண்டு பட்டவுடனேயே அவர் இறந்திருக்கவேண்டும். ஆனால் போனபார்ட் வெளியிட்ட போர்ச் செய்தியில், வருங்காலம் நினைத்துப் போற்றும் அளவுக்கு ஏதும் செய்யாமல் சாகிறேனே என்ற பொருளில் முதல் கான்சல் என்ற பதவியில் ஆட்சித் தலைவராக இருந்த தனக்குத் தெசே சொல்லி அனுப்பியதாக ஒரு வாசகம் இருந்தது. பேச வாயில்லாதவர் வாயில் ஆட்சியாளர் சொல்லை வைத்தார். பிறகு உடலைப் பதப்படுத்தி, 1805இல் ஆல்ப்ஸ் மலையின் பெரிய சென்ட் பெர்னார்ட் கணவாய் மடத்தில் பெருமரியாதையோடு அடக்கம் செய்தார்கள். வெற்றிக்கு முகம் கொடுத்த பிணம். அதனால் அதற்கு மலையுச்சி கிடைத்தது.

க்ளேபருக்கு அது கிடைக்கவில்லை. 1799 ஆகஸ்டில் தன்னை நேரில் பார்க்கக்கூட மனமில்லாமல், கடிதத்தால் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டு பிரான்சுக்குக் கிளம்பிய போனபார்ட்டை அவர் மன்னிக்கவே இல்லை. கசப்பைப் பாரிஸ் அரசுக்கே எழுதினார். அந்த முறையீடு போய்ச் சேர்ந்தபோது அரசே போனபார்ட் ஆகியிருந்தது. 1801இல் படையோடு திரும்பிய க்ளேபரின் சவப்பெட்டி, மார்சேய் கடலில் உள்ள ஷத்தோ தீஃப் என்ற சிறைக்கோட்டையில் வைக்கப்பட்டது. குடியரசுப் பற்றாளரான அவர் கல்லறை தன் ஆட்சியின் எதிரிகள் கூடும் இடமாகிவிடுமோ என்ற அச்சம் ஆட்சியாளருக்கு. நெப்போலியன் வீழ்ந்து, மன்னராட்சி திரும்பிய பிறகே, 1818இல், அவர் பிறந்த ஸ்ட்ராஸ்பூர் நகரத்துக்கு உடல் போனது. இன்று நகரின் நடுச்சதுக்கத்தில் தன் சிலைக்குக் கீழே உறங்குகிறார்.

ஒருவருக்குப் பொய்ச்சொல், மற்றவருக்குச் சிறை. ஆனாலும் இருவருக்கும் கடைசியில் மண் கிடைத்தது.

குத்தியவர் பெயர் சுலைமான் அல்-ஹலபி. அலெப்போவைச் சேர்ந்தவர், வயது 24, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படித்தவர். உதுமானிய அதிகாரி ஒருவர் தூண்டிவிட்டதாகவும், அலெப்போவில் தந்தைமேல் விழுந்திருந்த வரிச்சுமையை நீக்கித் தருவதாக வாக்களித்ததாகவும் விசாரணை ஏடு சொல்கிறது. அந்த ஏட்டிலேயே இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது: முதலில் அவர் மறுத்தார், அந்நாட்டு வழக்கப்படி என்று சொல்லி அடித்தார்கள், பிறகுதான் வாக்குமூலம் வந்தது. கெய்ரோவின் வரலாற்றாசிரியர் அல்-ஜபர்த்தி அந்த விசாரணைத் தாள்களைத் தம் நூலில் முழுமையாகச் சேர்த்தார். தங்கள் தலைவனைக் கொன்றவனைக் கையும் களவுமாகப் பிடித்தும், உடனே வெட்டிப் போடாமல் கேட்டு விசாரித்தார்களே என்று வியந்தார். பகைவரின் நல்ல செயலை எழுதிவைக்கத் தயங்காத அந்தப் பேனாவுக்கு மரியாதை செலுத்தவேண்டும்.

பிரெஞ்சுப் படையின் விசாரணை ஆணையம் தந்த தீர்ப்போ வேறு கதை. வலக்கையை எரித்து, பின் கழுவேற்றுவது. முன்கூட்டித் தெரிந்தும் சொல்லவில்லை என்று காஸாவைச் சேர்ந்த மூன்று மாணவர்களுக்குத் தலைவெட்டு. மரண தண்டனை என்பது உயிரை எடுப்பது மட்டுமே, சித்திரவதை கூடாது என்று 1791லேயே பிரான்சு சட்டம் இயற்றியிருந்தது. தன் மண்ணில் ஒழித்த கொடுமையைக் கெய்ரோவில் உள்ளூர் வழக்கம் என்ற பெயரில் அது கையில் எடுத்தது. க்ளேபரின் இறுதிச் சடங்கு நடந்த ஜூன் 17ஆம் தேதியே தண்டனையும் நிறைவேறியது.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. பகைவரின் காயத்துக்கும் மருந்திட்டவர் என்று புகழ்பெற்ற படை மருத்துவர் லாரே, சுலைமானின் எலும்புகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய காலம் அது. குற்றத்துக்கும் மதவெறிக்கும் உரிய புடைப்பு எது என்று மாணவர்களுக்குக் காட்ட அந்தத் தலை பயன்பட்டது. அந்தச் சாத்திரம் பொய் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. தலை மட்டும் திரும்பவில்லை. பாரிஸில் உள்ள மானுடவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது.

ஒரு கொலையாளியின் எலும்பை வைத்துக்கொள்ள அரசுக்கு உரிமை உண்டா? எளிதில் தள்ளிவிட முடியாத வாதங்கள் மறுபக்கத்திலும் உள்ளன.

முதலாவது: வந்தவனை நம்பி அருகில் விட்ட ஒரு மனிதரை ஏமாற்றிக் குத்தியது இழிவு. போர்க்களத்து வீரத்தோடு அதை ஒப்பிட முடியாது. இதை மறைத்து சுலைமானை வெறும் பலியாள் ஆக்குவது நேர்மையாகாது. அதேபோல, க்ளேபர் எகிப்தில் விருந்தாளியாக இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அதே வசந்தத்தில் கெய்ரோ கிளர்ந்தெழுந்தபோது அவர் படை புலாக் பகுதியை எரித்துச் சூறையாடியது. நகரத்தின்மேல் பெருந்தண்டம் விதிக்கப்பட்டது. அதைக் கட்டவைக்க, மதிப்புமிக்க ஷேக் அல்-சாதாத் சிறையில் அடைக்கப்பட்டு அடிக்கப்பட்டார். முந்தைய ஆண்டு யாஃபாவில் சரணடைந்த கைதிகளை ஆயிரக்கணக்கில் கொல்லச் செய்த போனபார்ட்டை எந்த ஆணையமும் விசாரிக்கவில்லை. இவை சுலைமானின் கத்தியை நியாயமாக்கிவிடா. ஆனால் தீர்ப்புச் சொன்ன மேசை சமமான தரையில் நிற்கவில்லை என்பதைக் காட்டுகின்றன.

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்பது அடுத்த மறுப்பு. அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளந்து பார்க்கலாம். இதே எகிப்துப் படையெடுப்பின்போது, 1799 ஜனவரியில், போனபார்ட் கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்டார். நகரத்தைக் கொள்ளையடித்த அதே ஆங்கிலேயர்கள், மறுநாள் தங்கள் தலைமைப் பகைவரைப் படை மரியாதையோடு அவர் தந்தை ஹைதர் அலியின் பக்கத்தில் அடக்கம் செய்ய விட்டார்கள். பகை உடலோடு முடிகிறது என்பது 1799இலும் தெரிந்த அறம். அரசனுக்குக் கிடைத்த அந்த மண் அலெப்போ மாணவனுக்குக் கிடைக்காமல் போனதற்கு, அவர் செய்த குற்றம் மட்டுமா காரணம்? பின்னால் படை இல்லாதவர், கேட்க ஆளில்லாதவர் என்பதும் காரணம்.

எலும்பைத் திருப்பிக் கொடுத்தால் கொலைகாரனைக் கொண்டாடுவார்கள் என்ற கவலை மூன்றாவது. கொண்டாட்டத்துக்கு எலும்பு தேவைப்படவில்லை. எகிப்திய நாடகாசிரியர் ஆல்ஃப்ரெட் ஃபரஜ் 1960களில் சுலைமானின் பெயரிலேயே நாடகம் எழுதினார். அலெப்போவில் அவர் பெயரில் ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. பாரிஸில் எலும்புகளை வைத்திருந்தது புகழைத் தடுக்கவில்லை, மனக்குறையைத்தான் வளர்த்தது. க்ளேபரைத் தீவுக்கோட்டையில் அடைத்ததும் இதே அச்சத்தால்தான் என்பதை இங்கே நினைவுகூரவேண்டும். இன்று ஸ்ட்ராஸ்பூர் சதுக்கத்தில் அவர் இருப்பதால் எந்த அரசும் கவிழ்ந்துவிடவில்லை.

தண்டனை என்பது உயிருள்ளவருக்கு விதிப்பது. உணர முடியாத, பதில் சொல்ல முடியாத எலும்பை இருநூறு ஆண்டுகளாகச் சாட்சியாகவும் பாடப்பொருளாகவும் நிறுத்தி வைத்திருந்தால், அந்தத் தீர்ப்பை எழுதிய ஆணையம்கூடக் கேட்காத கூடுதல் தண்டனை அது. அறிவியலுக்கு என்று சொன்ன காரணமும் பொய்த்துப்போன பின், மிஞ்சுவது உடைமை மட்டுமே.

பிரான்சே இதை மெல்ல ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. 2020 ஜூலையில் அதே அருங்காட்சியகத்திலிருந்து 24 மண்டையோடுகள் அல்ஜீரியாவுக்குப் போயின. 2023 டிசம்பரில், அரசு சேகரிப்புகளில் உள்ள வெளிநாட்டவர் உடலெச்சங்களை இறுதிச் சடங்குக்காகத் திருப்பித் தர வழி செய்யும் சட்டம் வந்தது. அதன்படி 2025இல் மடகாஸ்கரின் சகலாவா மக்களுக்கு மூன்று மண்டையோடுகள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 1897இல் பிரெஞ்சுப் படை கொன்ற மன்னர் தோயேராவுடையது எனக் கருதப்படுகிறது. ஆயுதம் ஏந்தி பிரான்சை எதிர்த்தவர்கள் இவர்களில் உண்டு. வீரரா குற்றவாளியா என்று முடிவு கட்டிய பிறகுதான் எலும்பைக் கொடுப்போம் என்று அங்கே யாரும் நிபந்தனை போடவில்லை. சுலைமானுக்கு மட்டும் ஏன் போடவேண்டும்?

சட்டப்படி ஓர் அரசு கேட்கவேண்டும். பிறந்த ஊர் சிரியாவில் இருக்கிறது. படித்ததும் கொன்றதும் கொல்லப்பட்டதும் எகிப்தில். எந்த மண் என்பதை அந்த இரு நாடுகளும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அலெப்போவுக்கே முதல் உரிமை என்று தோன்றுகிறது, ‘அல்-ஹலபி’ என்று அவர் தன் பெயராகச் சுமந்தது அந்த ஊரைத்தான். கேட்டால் பாரிஸ் தாமதமின்றித் தரவேண்டும். கேட்கும் நாள் வரும்வரை அந்த எலும்புகளைக் காட்சிக்கு வைக்காமலும், பெட்டியின் மேல் குற்றத்தின் பெயரை எழுதாமலும், சுலைமான், முகம்மது அமீனின் மகன், அலெப்போ என்று மட்டும் எழுதி வைத்திருக்கவேண்டும்.