துறந்து வந்தவன்

வங்கி வேலையை விட்டுவிட்டு, பாம்பன் பக்கம் உயர்நிலைப்பள்ளி வாத்தியாரானேன். நண்பர்கள் இதைத் தியாகம் என்கிறார்கள். அந்த வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம்.

விட்கன்ஸ்டைன் பரம்பரைச் சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, 1920இல் ஆஸ்திரிய மலைக்கிராமம் ஒன்றில் ஆரம்பப்பள்ளி ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். 1926இல் அவர் அடித்த பையன் மயங்கி விழுந்தான். அத்தோடு பள்ளியை விட்டார். தன்னைச் சுத்திகரித்துக்கொள்ள வந்தவனுக்குப் பிள்ளைகள் வெறும் சாதனம். சாதனம் வளைந்து கொடுக்காதபோது கோபம் வருகிறது.

ராமேஸ்வரம் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றி அப்துல் கலாம் சொல்லும் சித்திரம் வேறு. பறவை எப்படிப் பறக்கிறதென்று வகுப்புக்கு விளங்கவில்லை. கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அங்கே முக்கியம் பறவை, ஐயர் அல்ல.

என் வகுப்பில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கச்சத்தீவுப் பக்கம் போன அப்பா பிடிபடாமல் திரும்புவாரா என்றிருப்பவனிடம் நான் விட்ட சம்பளத்துக்கு என்ன மதிப்பு? இருபடிச் சமன்பாட்டில் அந்தக் கழித்தல் குறி எங்கிருந்து வந்தது என்று நேற்றுக் கேட்டான். இன்னொரு தடவை போட்டுக் காட்டவேண்டும்.