ஒருசந்தி யாருக்காக?

சென்ற ஆண்டு திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பற் சிலுவையோடு தோட்டத்து ஆபீசிற்குள் நாம் நுழையக் கண்டு, உதிரிப் பழம் பொறுக்கும் மூதாட்டியார் ஒருவர், "கிராணி ஐயாவும் விபூதி பூசத் தொடங்கிவிட்டீர்களா?" என்று நகைத்தார். அவர் நெற்றியிலும் மாரியம்மன் கோயில் நீறு இருந்தது. "எங்களுக்கும் நாற்பது நாள் விரதம் உண்டு, அம்மா" என்றோம். "நல்லது ஐயா, விரதம் இருந்தால் மனம் இளகும்" என்று கூறிவிட்டு அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இவ்விரதத்தைப் பற்றிச் சீர்திருத்தப் பற்றுடைய நண்பரொருவர் புக்கிட் பெருவாங்கில் நம்மை அடிக்கடி மடக்குவதுண்டு. "தோட்டத்தில் நம் பாட்டன்மார் எவர் கட்டளையுமின்றியே பட்டினி கிடந்தார்கள். வயிறு நிரம்பியவன் ஒருவேளை உண்ணாதிருப்பதைப் பக்தியென்று கொண்டாடுவது அப்பட்டினியைப் பரிகசிப்பதாகாதோ?" என்பது அவர் வினா. இதற்கு விடை கூறுதல் எளிதன்று.

ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கி எண்ணினால் தவக்காலம் நாற்பது நாள். ஒருசந்தி, சுத்தபோசனம் என்று நம் முன்னோர் வழங்கிய சொற்களே அக்கால வழக்கத்தின் கடுமையைக் காட்டும். 1966-ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் பவுல் அவ்விதிகளைத் தளர்த்தியபின், திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களே பொதுவிதிப்படி ஒருசந்தி நாள்களாக எஞ்சின. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்குதல் நம்மனோர்க்குப் பெரிய துன்பமுமன்று. மலாக்காவில் மீனுக்கா பஞ்சம்? ஆகவே இன்று தவக்காலத்தின் பாரமெல்லாம் செபத்தின்மேலும் வழிபாட்டின்மேலும் வந்து நிற்கிறது எனலாம்.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் சிலுவைப்பாதை உண்டு. நாம் அதற்குச் செல்வது மலாக்காப் பட்டணத்திலுள்ள சவேரியார் கோவிலுக்கு. 1849-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் எடுப்பிக்கத் தொடங்கிய கோவில் அது. அதன் பெயருக்குரிய சவேரியாரோ, முத்துக்குளித்துறைப் பரதவர்க்குத் தமிழில் செபம் கற்பித்துவிட்டு, 1545-இல் இவ்வூரில் வந்திறங்கியவர். அங்கே தமிழில் முழந்தாளிடும்போது நமக்கு ஒரு பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்! நோன்பு நாளில் பெருமிதம் ஆகாது என்பதும் அறிவோம்.

சிலுவைப்பாதையின் தலங்கள் பதினான்கு; 1731-இல் இவ்வெண் உறுதியாயிற்று. எல்லாம் சுவிசேஷத்தில் உள்ளவை அல்ல. இயேசுவின் திருமுகத்தைத் துடைத்த வெரோணிக்காளை அங்கே தேடினால் காணமுடியாது. ஆனால் ஐந்தாம் தலத்திற் காணும் சீரேனே ஊர்ச் சீமோன் உண்டு. அவர் தாமாக முன்வந்த புண்ணியவாளர் அல்லர். நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் போர்ச்சேவகர் பிடித்துச் சிலுவையைச் சுமத்தினர். நாட்டுப்புறத்திலிருந்து என்றால் வயலிலிருந்து என்று கொள்வாரும் உண்டு. நாமும் அப்படியே கொள்கிறோம்.

சென்ற ஆண்டுத் தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீசைப் பூட்டும் நேரத்தில் அம்மூதாட்டியார் வந்தார். "என் கணக்கில் மூன்று மூட்டை குறைகிறது, ஐயா" என்றார். அப்பொழுது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. கோவிலுக்கு நேரமாயிற்றென்று நமக்கு உள்ளூரப் பதைப்பு. "திங்கட்கிழமை வாருங்கள் அம்மா, பார்ப்போம்" என்றோம். செக்ரோல் அம்மாலையே மேலாபீசிற்குப் போய்விடும் என்பதும், போய்விட்டால் அம்மூன்று மூட்டைக் கூலி மறு மாதமே கிடைக்கும் என்பதும் நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கோவிலில் ஐந்தாம் தலத்திற்கு வந்தோம். வயலிலிருந்து களைத்து வந்த ஒருவரைப் போற்றிப் பாட வாயெடுத்தபோது, வயலிலிருந்து களைத்து வந்த ஒருவரைத் திருப்பியனுப்பிவிட்டு வந்திருக்கிறோம் என்பது நெஞ்சில் உறைத்தது. எஞ்சிய ஒன்பது தலங்களில் என்ன செபித்தோம் என்று நினைவில்லை. சனிக்கிழமை காலை லயத்திற்குச் சென்று, தவறு நம்முடையதென்று அவரிடம் சொன்னோம். "அதனால் என்ன ஐயா, அடுத்த மாதம் வரட்டும், நேற்றுக் கோயிலில் நன்றாகச் சாமி கும்பிட்டீர்களா?" என்று கேட்டார். அதில் எள்ளல் இருந்ததாகத் தோன்றவில்லை. அதனாலேயே அக்கேள்வி இன்றும் உறுத்துகிறது.

நண்பரிடம் இதைக் கூறியபோது, "பார்த்தீரா, செபம்தானே அவரைத் திருப்பியனுப்பியது!" என்றார். அதை மறுக்க இயலவில்லை. வழிபாட்டு மணி நேரம் என்ற நல்ல போர்வை இல்லாதிருந்தால், அவ்வளவு எளிதில் மனச்சாட்சியை உறங்கவைத்திருக்க மாட்டோம். "எனினும் அந்த ஐந்தாம் தலம் இல்லாவிடில் நாம் செய்ததை நாமே கண்டிருக்க மாட்டோமே" என்றோம். "தவறு செய்த இடத்திலேயே கண்திறக்க வேண்டியதுதானே? அதற்குப் பட்டணம்வரை போவானேன்?" என்றார் அவர். திறக்க வேண்டியதுதான். ஆனால் பத்தாண்டுகளுக்கு மேல் செக்ரோல் எழுதிய கண், ஆளைப் பாராமல் எண்ணை மட்டுமே பார்க்கப் பழகிவிட்டது. அக்கண்ணை வேறோரிடத்தில் முழந்தாளிட வைத்தால்தான் சில வேளை திறக்கிறது. இது நம் குறையே. பிறர்க்கெல்லாம் இப்படியென்று வாதிக்க வரவில்லை.

இவ்வாண்டு வெள்ளிக்கிழமைகளில், வாயிலில் ஒருவர் நிற்கும்வரை கணக்குப் புத்தகத்தை மூடுவதில்லை. கோவிலை அடையும்போது மூன்றாம் தலம் கடந்திருக்கும். சில நாள் ஐந்தாம் தலமே முடிந்துவிடும். கடைசி வாங்கின் ஓரத்தில் இடம் பார்த்து நின்றுகொள்கிறோம்.