துலக்கிய துவக்கும் காலை உணவும்

போரைப் பற்றி உரத்துப் பேசுவோரிற் பலர் போர்க்களம் காணாதவர்கள். களங்கண்டு மீண்டவர்கள் ஒன்றுகூடும்போது அவர்களது உரையாடல் நாம் எதிர்பாராத திசையிலே செல்வதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் முன்னாட் போர்வீரர்களுக்கெனச் சங்கங்கள் பல உள்ளன. 1899ஆம் ஆண்டிலே தோன்றிய வெளிநாட்டுப் போர்வீரர் சங்கமும், 1919ஆம் ஆண்டிலே தோன்றிய அமெரிக்க லீஜனும் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. சிற்றூர்களிலும் கிளை பரப்பியுள்ள இச்சங்கங்களின் மண்டபங்களிற் காலை உணவுக்காகக் கூடும் முதியவர்கள் எதைப் பேசுவார்கள்? பேக்கன் எனப்படும் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சியை எவ்வாறு பொரிப்பது என்று பேசுவார்கள். தாச்சி குளிர்ந்திருக்கும்போதே இறைச்சித் துண்டுகளை இட்டு மெல்லச் சூடேற்ற வேண்டும் என்பார் ஒருவர். படைமுகாமின் சமையற்காரன் அதனைக் கரியாக்கியே பரிமாறினான் என்பார் இன்னொருவர். அப்பேச்சு முடியுமுன்னரே துவக்குத் துலக்கும் பேச்சு எழும். குழலினுள் எத்தனை முறை துணி செலுத்துவது, பழைய பற்தூரிகை ஒன்று எவ்வளவு உதவியது, துலக்கி முடித்த துவக்கினுள்ளும் விரலை விட்டுக் கரி எடுத்துக் காட்டிய சார்ஜன்ட் எத்தகையவன் என்றெல்லாம் கதை வளரும். இடையிடையே கேலியும் சிரிப்பும் கலக்கும்.

அயலிலிருந்து இதனைக் கேட்கும் ஒருவருக்கு ஐயமொன்று எழுதல் இயல்பே. கொல்லும் கருவியையும் காலை உணவையும் ஒரே மூச்சில், ஒரே சிரிப்பில் இணைத்துப் பேசுவது அறமாகுமா? மரணத்தைக் கண்டவர், சில வேளைகளில் மரணத்தை விளைவித்தவர், அதனை இவ்வளவு எளிதாகக் கடந்து செல்லலாமா? இவ்வினா அற்பமானதன்று. ஒரு சமுதாயம் தான் நடத்திய போரை எவ்வாறு நினைவிற் கொள்கிறது என்ற பெரிய வினாவின் சிறிய வடிவமே இது.

குற்றஞ்சாட்டுவோர் பக்கத்தில் வலுவான நியாயம் ஒன்றுண்டு. கொடுமையை அன்றாடச் சொற்களாற் போர்த்திவிட்டால் அது கொடுமையாகத் தோன்றாது. நாற்சிப் படுகொலையின் பொறுப்பாளருள் ஒருவனான ஐக்மனின் விசாரணை பற்றி 1963இல் நூலெழுதிய ஹன்னா ஆரென்ட், அந்த நிர்வாகத்தினுள் நிலவிய மொழி விதிகளைச் சுட்டிக் காட்டினார். கொலையைக் கொலை என்று எவரும் எழுதவில்லை. ‘இறுதித் தீர்வு’, ‘விசேட நடத்துகை’ என்பன போன்ற சொற்களே கோப்புகளில் இடம்பெற்றன. சொல் மாறியமையாற் செயலின் முகம் மறைந்தது. முகம் மறைந்தமையாற் செயல் தடையின்றி நடந்தது. துவக்கை ஒரு சமையற் பாத்திரம் போலப் பேசுவதும் இவ்வகை மறைப்புத்தானே என்று கேட்கலாம்.

எனினும் இவ்விரண்டையும் ஒன்றென முடிவு கட்டுவதற்கு முன்னர், அவ்வுரையாடலில் வரும் பொருள்களின் வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும். துவக்குத் துலக்குதல் என்பதையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1960களின் நடுப்பகுதியில் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படையினருக்கு எம்-16 என்னும் புதிய துவக்கு வழங்கப்பட்டது. அதனை அதிகம் துலக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. துலக்கும் கருவிகள் போதியளவு அனுப்பப்படவில்லை, பயிற்சியும் போதவில்லை. துவக்கு உருவாக்கப்பட்டபோது பயன்பட்ட வெடிமருந்துக்குப் பதிலாக, மிகுந்த கரி படியவிடும் வேறொருவகை மருந்து தோட்டாக்களில் இடப்பட்டது. தோட்டா தங்கும் அறையின் உட்புறத்துக்குக் குரோமியப் பூச்சும் இருக்கவில்லை. ஈரலிப்பு மிகுந்த அந்நாட்டிலே, சுட்ட பின்னர் வெற்றுக் கோது வெளியேறாமல் அறையினுள்ளே இறுகிப்போயிற்று. குழலின் முன்புறமாகக் கோலைச் செலுத்தி அதனை இடித்து அகற்ற வேண்டியிருந்தது. எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது இதனைச் செய்ய முயன்றவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். செயலிழந்த துவக்குடன் இறந்து கிடந்த வீரர்கள் பற்றிய செய்திகள் அவர்களது தாயகத்தை எட்டின. 1967இல் காங்கிரஸ் உறுப்பினர் ரிச்சர்ட் இக்கோர்ட் தலைமையிலான உபகுழு ஒன்று இதனை விசாரித்து, இராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. குரோமியப் பூச்சும் துலக்கும் கருவிகளும் அதன் பின்னரே பரவலாயின. படக்கதை ஓவியரான வில் ஐஸ்னர் வரைந்த பராமரிப்புக் கைநூலொன்று 1968இல் படையினரின் கைக்கு வந்தது.

இவ்வரலாற்றை அறிந்த பின்னர், பழைய பற்தூரிகை பற்றிய கேலி நமது செவியில் வேறுவிதமாக ஒலிக்கின்றது. கருவியை அளித்தவர்கள் அதனைக் காக்கும் வழியை அளிக்கவில்லை என்பதும், அத்தவற்றுக்குரிய விலையைச் செலுத்தியவர் தம் தோழர் என்பதும் அக்கேலியின் உள்ளே இருக்கின்றன. அதனைச் சினந்து சொல்ல ஒரு வாழ்நாள் போதாது. சிரித்துச் சொல்ல ஒரு காலைப்பொழுது போதும்.

உணவுக்கும் இதுபோன்ற வரலாறுண்டு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைவீரனுக்கு விதிக்கப்பட்ட நாளாந்தப் பங்கீடு, பன்றியிறைச்சியாயின் 12 அவுன்சு. பலவேளைகளில் வீரர்கள் சிறு குழுக்களாகத் தாமே தீமூட்டிச் சமைத்தார்கள். நேற்று ஐவராக உண்ட குழு இன்று மூவராக உண்ணும்போது, இழப்பை முதலிற் சொல்லுவது உணவின் அளவே. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலோ சமையலறையே போரினுள் ஈர்க்கப்பட்டது. 1942 முதல் அமெரிக்க இல்லத்தரசிகள் பொரித்த பின் எஞ்சும் கொழுப்பைத் தகரப்பேணிகளிற் சேர்த்து இறைச்சிக் கடையில் ஒப்படைக்குமாறு வேண்டப்பட்டனர். அக்கொழுப்பிலிருந்து கிளிசரினும், கிளிசரினிலிருந்து வெடிபொருளும் செய்யப்பட்டன. அவ்வாண்டில் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட பிரசாரக் குறும்படமொன்றிலே, பேக்கன் கொழுப்பை நாய்க்கு ஊற்றப்போகும் மின்னியை வானொலிக் குரல் தடுத்து அதனைப் போருக்கு அளிக்கச் சொல்கின்றது. தாச்சிக்கும் துவக்குக்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதனை முதியவர்களின் வாய்ப்பேச்சு உண்டாக்கவில்லை, போரே உண்டாக்கியது.

முதலாம் உலகப் போரிலிருந்து மீண்டவர்கள் சொல்லத்தக்க அனுபவத்திற் செழிப்படையாமல் வறுமையுற்றே, மௌனமாய்த் திரும்பினர் என்று வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளிவந்த தமது ‘கதைசொல்லி’ என்னும் கட்டுரையில் எழுதினார். அம்மௌனம் எப்போதும் வாய் மூடியிருப்பதன்று. சில வேளைகளில் அது ஓயாது பேசும். பெரிய சொற்கள் பொய்யாகிவிட்ட இடத்திலே மனிதர் சிறிய பொருள்களைப் பற்றிக்கொள்கின்றனர். எண்ணெய், துணி, தாச்சி, கரி ஆகியவை பொய் சொல்லா. வீரம், தியாகம், தேசம் என்பனவற்றைப் பேசப் புகுந்தால் யாரோ ஒருவரின் மேடையில் ஏற நேரிடும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆதலால் அவர்களது விளையாட்டுப் பேச்சு ஒருவகை நாணம் எனலாம். தமக்குரிய துயரை விலைகூறி விற்க மறுக்கும் நாணம் அது.

இப்போது ஆரென்ட் சுட்டிய மொழிக்கும் இப்பேச்சுக்குமுள்ள வேறுபாடு தெளிவாகும். நிர்வாகத்தின் மறைமொழி செயலுக்கு முன்னும் செயலின்போதும் வழங்குவது. செயலை எளிதாக்குவதே அதன் பணி. முன்னாள் வீரரின் கேலி செயல் முடிந்த பின்னர் எழுவது. செய்ததோடும் கண்டதோடும் வாழ்தலே அதன் பணி. முன்னையதைப் பேசுவோன் தன் கையிற் கறையில்லை என நம்புகின்றான். பின்னையதைப் பேசுவோன் கறையை நாள்தோறும் துலக்கியவன்.

இதே பேச்சைப் போர் காணாதவர் எடுத்தாளும்போது அதன் தன்மை மாறிவிடுகின்றது. 2015இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளராக முனைந்த, படைச்சேவை புரிந்திராத செனற்றர் ரெட் குரூஸ், துவக்குக் குழலிற் பேக்கனைச் சுற்றி, சுட்டுச் சூடேற்றி, அதனைப் பொரித்துண்ணும் காணொளியொன்று வெளியாயிற்று. அது சட்டப்படி குற்றமன்று. பலர் அதனை இரசித்துமிருப்பர். ஆயினும் அங்கே துவக்குக்குப் பின்னால் இழப்பு எதுவுமில்லை, வாக்காளரே இருந்தனர். சொல் ஒன்றேயாயினும், அதனைச் சொல்லும் உரிமை எங்கிருந்து வருகின்றது என்பது அறநோக்கில் முக்கியமானது.

இவ்வளவும் வீரர் சார்பாகக் கூறியவை. ஆனால் வழக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. அவர்களது பேச்சில் துவக்கின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயருண்டு. படிந்த கரிக்கும் பெயருண்டு. அக்கரி படியக் காரணமான குண்டு எங்கே சென்றது என்பது மட்டும் பேசப்படுவதில்லை. குழலின் மறுமுனையில் நின்றவனுக்கும் ஒரு காலை உணவு இருந்தது; அவனுக்காக அடுப்பு மூட்டியவள் ஒருத்தி இருந்தாள். நாணம் தன் துயரைப் பேசாதிருக்கலாம். பிறர் துயரையும் சேர்த்து மறைக்கும்போது அது நாணத்தின் எல்லையைத் தாண்டிவிடுகின்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையிற் பணியாற்றிய மெய்யியலாளர் கிளென் கிறே, 1959இல் வெளிவந்த தமது நூலிலே களத்தோழமையை நட்பிலிருந்து வேறுபடுத்தினார். நட்பு தன்னுணர்வை வளர்க்கும். களத்தோழமையோ தன்னைக் குழுவினுட் கரைக்கும். கரைந்தவர் குழுவுக்கு வெளியே நிற்பவனைக் காண்பது அரிது. துவக்கும் பேக்கனும் பற்றிய சிரிப்பு அத்தோழமையின் மொழியாதலால், அதன் குறையும் அம்மொழிக்கு உண்டு.

இக்குறை அமெரிக்கர்க்கு மட்டும் உரியதன்று. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டை நாம் அனைவரும் கற்றிருக்கிறோம். நெய்பூசி, மாலையும் பீலியும் அணிந்து காவல் மனையில் விளங்கும் படைக்கலங்களையும், முனை சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கும் படைக்கலங்களையும் அது எதிரெதிர் வைக்கின்றது. அடுத்து, இருப்பின் உணவளித்தும் இல்லையெனில் உடனிருந்து உண்டும் வாழும் தலைவனைப் புகழ்கின்றது. துலக்கிய கருவியும் பகிர்ந்த உணவும் நமது பாட்டிலும் அருகருகே உள்ளன. அம்முனைகள் எவருடலிற் பட்டுச் சிதைந்தன என்பதோ அங்குப் பொருளன்று. பகைவர் என்ற ஒரு சொல்லுள் அவர்கள் அடங்கிவிடுகின்றனர். 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட ஒரு நாட்டிற் கற்கும் நாம், ஒரு சொல்லுள் அடங்கிப்போனவர்களைப் பற்றி அறியாதவர்களல்லர்.

ஆகவே பொறுப்பு பேசுவோருடையது மட்டுமன்று, கேட்போருடையதுமாகும். வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த உளமருத்துவர் ஜோனதன் ஷே, 1994இல் வெளியிட்ட நூலிலே, மேலிருப்போர் நீதியைக் கைவிடுவதால் உண்டாகும் ஒழுக்கக் காயத்தைப் பற்றி விரித்துரைத்தார். நம்பத்தக்க செவியொன்று கிடைத்து, சொன்னது சமுதாயத்தினுட் பகிரப்படும்போதே அக்காயம் ஆறத் தொடங்கும் என்பதும் அவரது கருத்து. அத்தகைய செவியை நாம் அளித்திருக்கிறோமா? வீரரின் சிரிப்பைக் கேட்டுத் தாமும் சிரித்து எழுந்து செல்வோர், போர் அவ்வளவுதான் என்ற ஆறுதலைப் பெற்றுச் செல்கின்றனர். அவர்களது சிரிப்பைக் கண்டு முகஞ்சுளித்து விலகுவோரோ தமது தூய்மையைப் பெற்றுச் செல்கின்றனர். இருசாராரும் கேட்கவில்லை.

முதியவர்களின் காலைப்பேச்சை நாம் தடுக்க வேண்டியதில்லை. அவ்வாறு தடுக்கும் தகுதி நமக்கில்லை. ஆனால் அதனைப் போரின் முழுச் சாட்சியமாக ஏற்றுக்கொள்வதும் தகாது. குழலின் மறுமுனையிலிருந்தவரின் சாட்சியத்தைத் தேடிப் பெற்று, இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணுதல் கற்றோரின் கடன். தம் தோழரை இழந்தவர் எதிர்ப்புறத்தாரின் இழப்பையும் உணர வல்லவர் என்ற நம்பிக்கையோடு, உண்டு முடித்து எழுமுன்னர் அவரிடம் மறுமுனையில் நின்றவனைப் பற்றியும் வினவுதல் வேண்டும். விடை சொல்ல அவருக்குக் காலம் தேவைப்படலாம். அதுவரை காத்திருக்க நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.