கோதுமை ஒவ்வாதவரும் நற்கருணை அப்பமும்

சீலியாக் நோய் உள்ளவரின் சிறுகுடலைக் கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் சிதைக்கிறது. வாழ்நாள் முழுவதும் அதை விலக்குவதே மருத்துவம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதியோ, நற்கருணை அப்பம் கோதுமையால் மட்டுமே ஆகியிருக்க வேண்டும் என்கிறது. அரிசியிலோ மக்காச்சோளத்திலோ சுட்ட அப்பம் செல்லாது.

அர்ச்சிக்கப்பட்ட அப்பம் கிறிஸ்துவின் உடல் என்றால் அது எப்படி நோய் தரும்? தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி காட்டினார்: மாறுவது உட்பொருள் மட்டுமே; நிறம், சுவை, உடலை ஊட்டும் தன்மை அப்படியே நிற்கும். எனவே குளூட்டனின் கேடும் நிற்கும். தீங்குக்கு அஞ்சுவதை விசுவாசக் குறைவு என்பது தவறான இறையியல்.

2003இல் கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலிருந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மாவு அப்பமாகத் திரளும் அளவுக்கு எஞ்சியிருந்தால் செல்லும் என்று அறிவித்தது. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கிளைடு ஊரிலுள்ள பெனடிக்ட் சபைக் கன்னியர் கோதுமை மாச்சத்திலிருந்து அத்தகைய அப்பம் சுடுகிறார்கள்.

அதுவும் ஒவ்வாதவர் திராட்சை இரசம் மட்டும் பெறலாம். இரண்டில் ஒவ்வொன்றிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்று திரெந்துப் பொதுச்சங்கம் 1551இல் அறிக்கையிட்டது. ஆனால் திருப்பலியில் குரு அப்பத்தை விண்டு ஒரு துண்டைக் கிண்ணத்தில் இடுகிறார். அந்த இரசமும் நோயாளிக்கு ஆகாது. ஆகவே கேட்பவருக்குத் தனிக் கிண்ணம் வைப்பதைப் பங்குகள் சலுகையாக எண்ணாமல் கடமையாகச் செய்ய வேண்டும்.