ப்ராணாயாமமும் பகவத் ஸ்மரணமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



எம்பெருமான் ஜீவனுக்கு அளித்த செல்வங்களுள், கேளாமலே கிடைத்ததும் கணக்குப் பாராமல் நாம் செலவழிப்பதும் மூச்சேயாகும். மனிதன் ஒரு நாளில் விடும் சுவாஸம் 21,600 என்று யோக நூல்கள் கூறும். நிமிஷத்துக்குப் பதினைந்து என்று வைத்துப் பெருக்கினால் இத்தொகை சரியாகவே வரும். இத்தனை சுவாஸங்களுள் நாம் அறிந்து விடுவது எத்தனை? அவற்றுள் பகவானை நினைந்து விடுவது எத்தனை?

மனத்துக்கும் மூச்சுக்கும் உள்ள உறவு யாவரும் கண்கூடாகக் காண்பதே. கோபம் கொண்டவனுக்கு மூச்சு குறுகி விரைகிறது. உறங்கும் குழந்தைக்கோ நீண்டு சீராக ஓடுகிறது. இதயம் நம் ஆணைக்கு நிற்பதில்லை, ஜீரணமும் நிற்பதில்லை. மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், நாம் சொன்னபடியும் நடக்கும். ஆகவே அடங்காத மனத்தைப் பிடிப்பதற்கு இதையே கயிறாகப் பெரியோர் கொண்டனர். மூச்சை மெதுவாக வெளிவிடுகையில் இதயத்துடிப்புச் சற்றுத் தணிகிறது என்று இக்கால வைத்திய சாஸ்திரமும் கூறுகிறது.

உள்ளிழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், வெளிவிடுவது ரேசகம். ப்ராணாயாமத்தால் அறிவொளியை மறைக்கும் திரை தேய்ந்து, மனம் தாரணைக்குத் தகுதி பெறுகிறது என்பது பதஞ்சலி முனிவரின் துணிபு. உலையிலிட்டு ஊதிய உலோகத்தின் அழுக்கு எரிவது போல இந்திரியங்களின் தோஷம் எரியும் என்பது மனு ஸ்ம்ருதியின் கருத்து. கீதாசார்யனோ நான்காம் அத்யாயத்தில் இதனை யஜ்ஞங்களுள் ஒன்றாகவே வைத்தருளினான்.

“ப்ரபந்நனுக்கு எம்பெருமானே உபாயமாயிருக்க, ப்ராணாயாமம் எதற்கு?” என்று சிலர் வினவலாம். ஸ்ரீமந் நாதமுனிகள் மஹா யோகி. அவர் யோக ரஹஸ்யத்தைக் குருகைக் காவலப்பனிடம் ஒப்புவித்தார். அதைப் பெறக் காவலப்பன் குறித்த நாளில், நாதமுனிகளின் திருப்பேரனாரான ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் இருந்துவிட்டபடியால், அவ்வுபதேசம் அவருக்குக் கிட்டாமற்போயிற்று என்பது குருபரம்பரை வரலாறு. யோகத்தை மோக்ஷோபாயமாக நாம் பற்றுவதில்லை, உண்மையே. ஆயினும் ஸந்த்யாவந்தனத்தில் ப்ராணாயாமம் இன்றும் நித்ய கர்மத்தின் அங்கமாய் நிற்கிறது. அதைச் செய்வது பலன் கருதியன்று. அவன் ஆணையை நிறைவேற்றும் கைங்கர்யமாகவே.

அந்தக் கைங்கர்யத்தின் இன்றைய நிலை என்ன? கட்டைவிரல் மூக்கைத் தொடுகிறது. அடுத்த கணமே கை அர்க்யத்துக்குப் போய்விடுகிறது. மூச்சு உள்ளே போயிற்றா, மந்த்ரம் மனத்தில் ஓடிற்றா என்று கேட்பாரில்லை. ஆளவந்தாருக்குக் கிட்டாதது ஒரு நாள் தவறியதால்; கையிலிருப்பதை நாம் அன்றாடம் அவஸரத்தால் இழக்கிறோமே!

காயத்ரீ உபதேசம் பெற்றவர்கள் வ்யாஹ்ருதியும் சிரஸ்ஸும் கூட்டி முறைப்படி நிதானமாகச் செய்க. ஏனையோரும், ஸ்த்ரீகளும், முதியோரும் ஏங்க வேண்டுவதில்லை. திருநாமம் யாவர்க்கும் பொது. முதுகு நிமிர அமர்ந்து, மூக்கினாலேயே மெல்ல மூச்சை இழுத்து, அதனினும் மெல்ல விடுக. இழுக்கையில் “நாராயணா” என்றும், விடுகையில் “கோவிந்தா” என்றும் மனத்தினால் சொல்லுக. காலையில் வெறும் வயிற்றில் பன்னிரண்டு முறை போதும். இருதய நோய், ரத்தக் கொதிப்பு உடையவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கலாகாது. இழுத்து விடுதலே அவர்களுக்கு அமையும். பலவந்தம் யாருக்கும் ஆகாது. இவ்வுத்ஸவத்தில் தரிசனத்துக்கு வரிசையில் நிற்கும் பொழுதே இதைத் தொடங்கலாம். கால் வலியும் முணுமுணுப்பும் குறையும். ஸந்நிதியை அடையும்போது உடலுடன் மனமும் அங்கு வந்து சேர்ந்திருக்கும்.

எண்ணிக் கொடுத்த மூச்சு ஒரு நாள் முடியும். அப்போது பூரகமும் நம் வசமில்லை, ஸ்மரணமும் நம் வசமில்லை. நல்ல நிலையில் இருக்கும்போது தன்னை நினைத்தவன், கட்டையும் கல்லும் போலக் கிடக்கும் அந்த நேரத்தில், அவனைத் தானே நினைத்துத் தன்னிடம் சேர்ப்பதாக ஸ்ரீவராஹ நாயனார் பூமிப் பிராட்டிக்கு வாக்களித்தருளினார். ஆகவே, மூச்சு நம் வசத்தில் இருக்கும் இந்நாளிலேயே ஒவ்வொன்றிலும் ஒரு திருநாமத்தை வைப்போமாக. கடைசி மூச்சை அவன் பார்த்துக்கொள்வான்.

ஸர்வம் ஸ்ரீக்ருஷ்ணார்ப்பணமஸ்து.